நான்காம் வால்வு

கராஜ் சுவரில் கட்டுப்பாட்டுப் பெட்டி.
மூடியின் உட்புறம் பென்சிலில் ஒரு வரி:
"நாலு: செவ்வாய், வியாழன், சனி வேண்டாம்."
எழுதிய ராய்ஸ் வீட்டை எனக்கு விற்றுவிட்டு
டல்சாவை விட்டே போய்விட்டார்.
நகராட்சித் தடையாக்கும் என்று போன் போட்டேன்.
"அப்படி ஒன்றும் இல்லையே" என்றாள் ஒருத்தி,
பக்கத்தில் யாரோ சிப்ஸ் கொறிக்கும் சத்தம்.

ஜூலை. புல் நுனியெல்லாம் வைக்கோல்.
ஏழு நாளும் ஓடட்டும் என்று திருகி வைத்தேன்.

இரண்டே வாரம்.
மேட்டில் இன்னும் வைக்கோல்தான்.
வேலியோரம் மட்டும்
செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்ளும் சேறு.
பெட்டியை அணைத்தாலும்
நான்காம் வரிசையின் கடைசித் தலை
விசும்பிக்கொண்டே இருந்தது,
அடம்பிடித்து ஓய்ந்த பிள்ளைக்கு
மிஞ்சும் விக்கல்போல.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் வருகிறது.
சுருளும் சரி.
புல்லுக்குள் புதைந்த பச்சை மூடியைத் தூக்கினால்
உள்ளே ஒரு தேரை,
வாடகை பாக்கி வைத்தவன் முகத்தோடு.
அதை ஒதுக்கி, ஆறு திருகாணியும் கழற்றி,
ரப்பர் சவ்வை வெயிலில் பிடித்தேன்.
மணல். ஒரே ஒரு மணல்.
கடுகில் பாதிகூட இல்லை,
அது இருக்கிறவரை கதவு சாத்தாது.

கழுவி மாட்டினேன்.
விசும்பல் நின்றது.
சேறு நிற்கவில்லை.

இந்த ஊர்ச் செம்மண் அப்படித்தான்,
முதல் மிடறை வாயிலேயே வைத்துக்கொண்டு
மிச்சத்தைத் துப்பிவிடும்.
துப்பியது எங்கே போகிறது?
வேலியோரம் தோண்டினேன்.
முழங்கை ஆழத்தில் ஜல்லி,
ஜல்லிக்குள் துளையிட்ட குழாய்,
துளைகள் கீழ்நோக்கி.
நூறடிக்கு ஓரடிச் சரிவு.
தெரிந்த கை பதித்தது.

கேக்குக்குப் போடும் பச்சைச் சாயம்
ஒரு குப்பி முழுக்க வாளியில் கலக்கி
குழாயின் வாயில் ஊற்றிவிட்டு
வேலியைச் சுற்றிக் கீழ்வீட்டுக்கு நடந்தேன்.

பின்சந்து வாசல்.
ஒரு மரச் சாய்தளம், இரு பக்கமும் கைப்பிடி.
அதன் காலடியில்தான்
பச்சை மெதுவாய்ப் பூத்தது.

ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தாள் ஓர்லீன் விட்லாக்.
"ராய்ஸ் ஊற்றியது நீலம்" என்றாள்.

டெல்மருக்கு ரத்தம் சுத்தம் செய்ய
வாரம் மூன்று நாள் வேன் வரும்.
விடிகாலை ஐந்தேகால்.
நாற்காலிச் சக்கரம் இதே இடத்தில் புதைய
ஒரு செவ்வாய்
பைஜாமாவோடு ஓடி வந்து
ராய்ஸ் ஒரு பக்கம் தூக்கினானாம்.
வியாழக்கிழமை தரை காய்ந்திருந்தது.
அப்புறமும் காய்ந்தே இருந்தது.
"ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
கிறிஸ்துமஸுக்கு ஒரு பீக்கன் பை கொடுத்தேன்."

"நான் தெரியாமல்..." என்று தொடங்கினேன்.

"டெல்மர் போய் மார்ச்சோடு ஒரு வருஷம்.
நீ ஏழு நாளும் விடு,
எனக்கு பூட்ஸ் இருக்கிறது."

சாய்தளத்தைப் பார்த்தேன்.
மழையில் வெளுத்த பலகை,
நடுவில் மட்டும் இரண்டு கோடுகள்
இன்னும் கொஞ்சம் கறுப்பாய்.

அன்றிரவு கராஜில் விளக்குப் போட்டு
செவ்வாய், வியாழன், சனியை அணைத்தேன்.
நாலு நாள் தண்ணீர் தாராளம்,
தினம் விட்டால் வேர் மேலேயே நின்றுவிடும் என்று
விதைப் பையின் பின்னால்
பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
யாராவது கேட்டால்
அதைச் சொல்லிக்கொள்ளலாம்.